மதிப்பெண்ணுக்கு முன் பெயர்

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன்னோடு படிப்பவர்கள் பலர் இஎம்ஐயில் ஃபோன் எடுத்திருப்பதாகவும், இப்போதே கடன் வாங்கிக் கட்டினால்தான் சிபில் மதிப்பெண் ஏறும், வேலைக்குப் போனதும் வங்கி மதிக்கும் என்று அவர்கள் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அதில் பாதி உண்மை. தவணை தவறாமல் கட்டுகிறவர்களுக்கு நல்ல பதிவு சேரும். அந்தப் பதிவுக்காகவே தேவையில்லாத கடனை வாங்க வேண்டும் என்பது தவறு. இந்த இரண்டுக்கும் முன்னால் வர வேண்டிய ஒரு விஷயத்தை அவர்கள் யாரும் தொடவே இல்லை. உன் பெயரில் ஏறும் கணக்கெல்லாம் உன்னுடையதுதானா? உன்னுடைய கணக்கெல்லாம் உன் பெயரில்தான் ஏறுகிறதா? மாணவப் பருவத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை இதைச் சரிபார்ப்பதுதான் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன், நீயே யோசித்துப் பார்.

சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். 2000-ல் தொடங்கி இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில் என்று இயங்குகிறது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இதே வேலையைச் செய்கின்றன. நான்குமே 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இருப்பவை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களிடம் கடன் வாங்கியவர்களின் கணக்கை இந்த நான்குக்கும் அனுப்பியாக வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. வந்து சேரும் தகவலை வைத்துத்தான் 300-லிருந்து 900-க்குள் ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். இதில் நீ கவனிக்க வேண்டியது, இந்த நிறுவனங்களில் யாரும் உன்னை நேரில் பார்த்ததில்லை என்பதுதான். ஆவடியில் ஒரு வங்கிக் கிளை அனுப்பும் கணக்கும், மும்பையில் ஒரு நிதி நிறுவனம் அனுப்பும் கணக்கும் ஒரே ஆளுடையவை என்று கணினிதான் முடிவு செய்கிறது. பெயர், பிறந்த தேதி, பான் எண், கைபேசி எண், முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து அது இரண்டையும் சேர்க்கிறது. இந்த ஒப்பீடு பிசகினால் வேறு யாரோ வாங்கிய கடன் உன் அறிக்கையில் வந்து உட்காரும், அல்லது நீ ஒழுங்காகக் கட்டிய கடன் உன் கணக்கில் சேராமல் தனியாகக் கிடக்கும். அப்படிப்பட்ட அறிக்கையின் மேல் போட்ட மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அதை நம்பி நீ எந்தத் திட்டமும் போட முடியாது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பிசகு நேர வாய்ப்பு அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் கட்டாயம். இனிஷியலை அப்படியே போட்டால் ஏற்க மாட்டார்கள். அதனால் அப்பாவின் முழுப் பெயர் அந்தக் கட்டத்தில் போய் உட்காருகிறது. ஓர் உதாரணம் பார். முருகன் மகள் கவிதா. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அவள் பெயருக்குப் பின்னால் எம் என்ற ஒற்றை எழுத்து இருக்கும். வங்கிப் புத்தகத்தில் அதே எம் பெயருக்கு முன்னால் வரும். பான் அட்டையில் கவிதா முருகன் என்று முழுதாக இருக்கும். வேறொரு விண்ணப்பத்தில் முருகன் கவிதா என்று புரண்டிருக்கும். இதற்கு மேல் ஆங்கில எழுத்துக் கூட்டல். ஒரு கடைக்காரர் ‘தா’வுக்கு டி.எச்.ஏ. என்று தட்டுவார், இன்னொருவர் எச்சை விட்டுவிட்டு டி.ஏ. என்று மட்டும் தட்டுவார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றையும் சேர்த்தால் முருகன் மகள் கவிதாக்கள் எத்தனை பேர் இருப்பார்கள், நினைத்துப் பார். அவர்களில் இரண்டு பேருக்குப் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்து, ஒரு விண்ணப்பத்தில் பான் எண்ணில் ஓர் எழுத்தும் தவறிவிட்டால் கணினி தடுமாறாமல் என்ன செய்யும்? முகவரியும் நம் பக்கத்தில் லேசான விஷயம் இல்லை. 2018-ல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருக்கும், பிந்தையதில் சென்னை என்று இருக்கும். பூந்தமல்லி சில தாள்களில் பூவிருந்தவல்லி. முகவரி வேறுபாடு ஒன்று மட்டும் இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். அது பெயர் வேறுபாட்டோடும் எண் வேறுபாட்டோடும் சேரும்போதுதான் வினை.

ஆகவே முதலில் உட்கார்ந்து எல்லா ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிக் கணக்கு, கல்விக் கடன் தாள்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, பிறந்த தேதி ஒன்றுதானா என்று பார்த்துக்கொள். ஒத்துப்போகவில்லை என்றால் எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்று தீர்மானித்துவிட்டு மாற்று, அவசரப்படாதே. ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். என் யோசனை, பிறந்த தேதிக்கும் பெயரின் எழுத்துக் கூட்டலுக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள். இனிஷியலை விரித்து எழுதும் இடங்களில் எல்லாம் ஒரே மாதிரி விரித்து எழுது. பான் அட்டை தொலைந்தால் மறுபதிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், புதிதாக இன்னொரு எண்ணுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. ஒருவரிடம் இரண்டு பான் எண் இருந்தால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, கடன் வரலாறும் இரண்டாகப் பிளக்கும். கைபேசி எண்ணையும் சாதாரணமாக நினைக்காதே. நீ கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும். உன் வங்கிக் கணக்கில் பழைய எண் இருந்தால் உனக்கு வர வேண்டிய ஓடிபி அவருக்குப் போகும்.

“எனக்குத்தான் கடனே இல்லையே, அறிக்கையில் என்ன இருக்கப்போகிறது?” என்று நீ கேட்கலாம். உனக்குக் கடன் இருக்கிறது கண்ணு. முதலாம் ஆண்டில் எடுத்த கல்விக் கடன் உன் பெயரிலும் அப்பா பெயரிலும் சேர்த்துத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வங்கி பணம் கொடுத்த நாளிலேயே உன் வரலாறு தொடங்கிவிட்டது. இப்போது தவணை கட்ட வேண்டியதில்லை என்பதால் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடனுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் உன் பெயர் எப்படி எழுதப்பட்டது, யாருடைய கைபேசி எண் கொடுக்கப்பட்டது என்று உனக்குத் தெரியுமா? பெரும்பாலான வீடுகளில் அப்பாவின் எண்ணைத்தான் கொடுத்திருப்பார்கள். அதனால் பிள்ளை பிற்காலத்தில் தன் எண்ணைப் போட்டு அறிக்கை கேட்டால் சரிபார்ப்பு தோற்றுப்போகும்.

அறிக்கை வாங்கச் செலவு இல்லை. 2017 ஜனவரி முதல், நான்கு நிறுவனங்களும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முழு அறிக்கையை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு முழுக்கக் காசில்லாமல் கண்காணிக்கலாம். அவர்களுடைய இணையதளத்தில் சந்தா திட்டங்களைப் பளிச்சென்று காட்டுவார்கள், இலவச அறிக்கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உன் பெயர், பிறந்த தேதி, பான், கைபேசி எண் கேட்பார்கள், ஓடிபி வரும், சில சமயம் உன் கடன்களைப் பற்றிக் கேள்வியும் வரும். இதில் ஏதாவது ஒத்துப்போகவில்லை என்று திரை சொன்னால் எரிச்சல்பட்டு மூடிவிடாதே. நீ தட்டுகிற விவரமும் அவர்களிடம் இருக்கிற விவரமும் வேறு வேறு என்று அது உனக்குச் சொல்கிறது. எங்கே வேறுபடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் அதுதான். இணையத்தில் முடியாவிட்டால் படிவத்தோடு அடையாளச் சான்று, முகவரிச் சான்று நகல்களில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பிக் கேட்கலாம். அறிக்கையைத் தன் பெயரில் தானே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. அது தவறு. கடன் கேட்டு விண்ணப்பித்ததால் ஒரு வங்கி எடுத்துப் பார்ப்பதுதான் விசாரணை என்று பதிவாகி, அடிக்கடி நடந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

அறிக்கை கையில் வந்ததும் எல்லாரும் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். நீ அதைக் கடைசியில் பார். முதலில் பெயர், பிறந்த தேதி, பான். பிறகு அதில் இருக்கும் எல்லாக் கைபேசி எண்களும் முகவரிகளும். நீ குடியிருந்தே இராத ஒரு முகவரியோ உனக்குத் தெரியாத ஓர் எண்ணோ இருந்தால் யாரோ உன் விவரத்தைக் கொடுத்து எங்கேயோ விண்ணப்பித்திருக்கலாம், அல்லது வேறொருவரின் கணக்கு உன்னோடு கலந்திருக்கலாம். அடுத்தது கடன் கணக்குகள். மாதவாரியாக ஒரு கட்டம் இருக்கும். அதில் 000 என்றால் பாக்கி இல்லை, 30, 60 என்று எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம். அதன் பிறகு விசாரணைப் பட்டியல். நீ போகாத ஒரு நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால் அதை விட்டுவிடாதே. 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன் தன் பான் எண்ணை யாரோ பயன்படுத்தி 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகவும், அதனால் தன் சிபில் கெட்டதாகவும் பொதுவெளியில் சொன்னார். பிரபலமானவர் என்பதால் உடனே சரிசெய்யப்பட்டது. திருமுல்லைவாயிலில் இருக்கும் ஒரு மாணவிக்கு அந்த வேகத்தில் யாரும் ஓடிவர மாட்டார்கள். அதனால்தான் விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தவறு என்று நீ புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உனக்கு இழப்பீடு. 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் திருத்தாது, தகவல் அனுப்பிய வங்கியிடம் கேட்டுத்தான் திருத்தும். ஆகவே இரண்டு பேரிடமும் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள். அப்படியும் நடக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்கள் மீதான புகாரையும் அங்கே கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசிவிட்டு, நம் பக்கத்து ஆவடி காவல் ஆணையரகத்தின் சைபர் குற்றப் பிரிவிலும் புகார் பதிவு செய்.

“இதையெல்லாம் வங்கி பார்த்துக்கொள்ளாதா?” என்று கேட்பாய். வங்கிக்கு அதன் பணம் திரும்பி வந்தால் போதும். உன் அறிக்கையில் வேறொருத்தியின் பைக் லோன் கலந்திருப்பதால் வங்கிக்கு எந்த நஷ்டமும் இல்லை. கடன் கேட்டு வருகிறவளின் மதிப்பெண் குறைவாக இருந்தால் மறுத்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுக்கும். நஷ்டப்படுகிறவள் நீ ஒருத்திதான்.

இனி ஃபோன் விஷயம். அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி கடைத்தெருவிலும் வட்டியில்லாத இஎம்ஐ என்று பலகை வைத்திருக்கிறார்களே, அதுவும் கடன்தான். கடையில் நிற்கும் பையன் உன் ஆதாரையும் பானையும் வாங்கி ஃபோனில் தட்டும்போது ஒரு நிதி நிறுவனத்தில் உனக்குக் கடன் விண்ணப்பம் போகிறது, ஒரு விசாரணையும் பதிவாகிறது. ஒரு நிறுவனம் மறுத்தால் அவன் அடுத்ததில் தட்டுவான், உன்னைக் கேட்கவும் மாட்டான். செயலிகளில் வரும் ‘பிறகு கொடு’ வசதியும் அப்படியே. எவ்வளவு சிறிய தொகையானாலும் எவ்வளவு குறுகிய காலமானாலும் டிஜிட்டல் கடன்களைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. முந்நூறு ரூபாய் பாக்கியை மறந்தாலும் தாமதம் தாமதம்தான். அனுமதியில்லாத கடன் செயலிகளின் பக்கமே போகாதே. 2020-21-ல் அவற்றின் மிரட்டல் பற்றிய புகார்களில் சென்னைப் போலீசார் சீனர்கள் உட்படப் பலரைக் கைது செய்யும் அளவுக்கு விஷயம் போனது. இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஒன்று இருக்கிறது. “எனக்கு அப்ரூவ் ஆகவில்லை, உன் பெயரில் எடுத்துக் கொடு, மாசாமாசம் நான் கட்டிவிடுகிறேன்” என்று ஒரு தோழி கேட்பாள். அவள் நல்லவளாகவே இருக்கலாம். ஆனால் அவளுடைய அப்பாவுக்கு வேலை போனால், அவள் ஊருக்குப் போய்விட்டால், கணக்கில் உன் பெயர்தான் இருக்கும், கட்டத்தில் 30, 60, 90 என்று ஏறுவதும் உன் பெயருக்குத்தான். அவளுக்கு உதவ நினைத்தால் கையில் இருக்கும் பணத்தைக் கொடு. பெயரைக் கொடுக்காதே.

“அப்படியானால் நல்ல வரலாறு எப்படித்தான் சேரும்? கல்விக் கடனுக்கு இன்னும் தவணையே தொடங்கவில்லையே” என்பது நியாயமான கேள்வி. ஜிபேயில் எவ்வளவு ஒழுங்காகப் பணம் அனுப்பினாலும் அது ஏறாது; சீட்டுக் கட்டுவதும் பொதுவாக ஏறாது. பெயர், எண், முகவரி எல்லாம் சரியான பிறகு, இறுதியாண்டில் வேண்டுமானால் வங்கியில் ஒரு சிறிய வைப்புத்தொகை போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்கிக்கொள். பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கு, சம்பளச் சீட்டு இல்லாமலே பல வங்கிகள் தருகின்றன. அதில் ஃபோன் ரீசார்ஜும் பஸ், ரயில் பாஸும் மட்டும் போடு. வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதே. பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டு. குறைந்தபட்சத் தொகை என்று ஒரு சின்ன எண்ணைக் காட்டுவார்கள். அதை மட்டும் கட்டினால் தாமதம் என்று பதிவாகாது, ஆனால் மீதிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி ஓடும், ஆண்டுக்கு நாற்பது சதவீதத்தை ஒட்டி வரும். நம் ஊரில் கந்துவட்டி என்று சொல்லி ஒதுங்குகிற வட்டிக்குப் பக்கத்தில் வருகிற விகிதம் அது. முழுத் தொகையைக் கட்ட முடியாத மாதம் ஒன்று வரும் என்று தோன்றினால் கார்டே வேண்டாம். கல்விக் கடன் தவணை தொடங்கியதும் அதுவே உனக்குப் போதுமான வரலாறு.

உன் அப்பத்தா கேட்டால் வேறொரு மறுப்பு வரும்: கடனே வாங்காமல் வாழ்ந்த குடும்பம், இந்தப் பிள்ளைக்கு ஏன் கடன் பாடம்? கடன் வாங்காமல் இருக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. அதை நான் மறுக்கவில்லை. முதன்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆகவே வெற்று அறிக்கை ஒரு குறை இல்லை. கெட்ட அறிக்கைதான் குறை. அதன் விலை இப்போது கடனைத் தாண்டி வேலை வரைக்கும் வந்துவிட்டது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், பழைய கடன் தவணைகளில் தவறியது சிபிலில் தெரிந்ததால் ரத்தானது. எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் பண ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது சரியே என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது. மறுபக்கம், மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. நான் இரண்டாவதைத்தான் அதிகம் மதிக்கிறேன். படிக்கிற பிள்ளையை எண்ணால் எடைபோடுவது அநியாயம். ஆனாலும் நீதிமன்றம் போய் நிற்கும் நிலைக்கு நீ வரக் கூடாது. நீ வங்கித் தேர்வு எழுத நினைப்பதால் முதல் தீர்ப்பு உனக்கு நேரடியாகவே பொருந்தும்.

கல்விக் கடன் விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை விடுப்பு இருக்கும், அந்தக் காலத்துக்கும் தனி வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஓராண்டில்தான் பிள்ளைகள் வேலைக்காகப் பெங்களூருக்கும் புனேக்கும் போகிறார்கள், சிம் மாறுகிறது, வீடு மாறுகிறது, வங்கிக் கடிதம் பழைய முகவரிக்குப் போகிறது. முதல் தவணை தேதி எப்போது என்பதை இப்போதே கிளையில் எழுதி வாங்கிக்கொள். அப்பா இணைக் கடன்தாரர் என்பதால் நீ தவறினால் அவர் அறிக்கையிலும் அதே தாமதம் ஏறும், தம்பியின் படிப்புக்கு அவர் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். முடிந்தால் படிக்கும்போதே மாதா மாதம் வட்டியை மட்டுமாவது கட்டச் சொல்லி அப்பாவிடம் பேசு. அப்படிக் கட்டினால் சில வங்கிகள் வட்டி விகிதத்தில் கொஞ்சம் குறைக்கின்றன. உங்கள் கிளை குறைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வாரம் டிரான்ஸ்யூனியன் சிபில் அறிக்கையை எடுத்துவிடு. வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்ப வேண்டாம், அதில் உன் பான், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருக்கும். ஜெராக்ஸ் கடைக் கணினியிலும் திறக்காதே. கல்லூரியிலேயே அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரும்போது கல்விக் கடன் அனுமதிக் கடிதத்தையும் சேர்த்து எடுத்து வா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அப்பாவையும் வரச் சொல், அவர் அறிக்கையையும் அப்போதே எடுத்துவிடலாம்.

அன்புடன்,
பெரியப்பா